கறுப்பை மட்டும் பொறுக்கு

"ஏண்டி, எங்க தெருவுக்கு அடியில எரிவாயு கொட்டிக் கிடக்குதாமே! நீதான் சோதிச்சுச் சொன்னியாம். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சவளுக்குக் கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

அக்கா போன்ல இப்படிப் பொரிஞ்சு தள்ளினப்போ நான் லேப்ல கையுறையோட, ஒரு தட்டு நிறைய கல்லுத் தூளை முன்னாடி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. நான் யார்கிட்ட என்ன சொன்னேன்? சோதனையே இன்னும் முடியலையே!

"யாரு சொன்னாங்க உன்கிட்ட?"

"உங்க கம்பெனிக்காரர்தான். எப்பப் பார்த்தாலும் சிரிச்சுக்கிட்டே இருப்பாரே, அவர். வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போறார். 'இந்த வீட்டம்மாவோட தங்கச்சிதான் எங்க லேப்ல எல்லாம் பார்க்குறாங்க, அவங்க கையால சோதிச்சது'ன்னு சொன்னார். நானும் சரின்னுட்டேன்."

"எதுக்குச் சரின்னே?"

"வீட்டைக் காலி பண்றதுக்குத்தான். வேற எதுக்கு?"

எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. அக்கா வீடுன்னா அது வெறும் வீடு இல்லை. முன்னறையில தையல் மிஷின், நடுவுல துணி வெட்டுற பெரிய மேசை, சுவர் முழுக்க நூல்கண்டு. அந்தத் தெருவுல இருக்கிற பாதிப் பேர் உடம்புல இருக்கிற சட்டை அந்த அறையில பிறந்தது. முதுகு ஒடியத் தைச்சுத் தைச்சு அக்கா கட்டின வீடு அது. அதைக் காலி பண்ண என் பேரைச் சொல்லி ஒருத்தன் சம்மதம் வாங்கிட்டுப் போயிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம!

அந்த ஆளுக்கு நான் வச்ச பேரு முப்பத்திரண்டு. சிரிச்சா அத்தனை பல்லும் வெளியே வந்துடும். நிலம் வாங்குறது, ஆள்களைக் கிளப்புறது, கையெழுத்து வாங்குறது எல்லாம் அவன் வேலை.

என் வேலை என்னன்னு சொல்லிடறேன், இல்லேன்னா இந்தக் கோபம் உங்களுக்குப் புரியாது. பூமிக்கு அடியில ஆழத்துல ஷேல்னு ஒரு பாறை இருக்கு. ஒரு காலத்துல சேறு. அந்தச் சேத்தோட செத்த பாசியும் செடியும் கலந்து, அமுங்கி, இறுகி, தாள் தாளாப் பிரியிற கல்லாகிப் போச்சு. உள்ளே மாட்டிக்கிட்ட அந்தச் செத்த சமாச்சாரம் பூமியோட சூட்டுல வெந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறும். எல்லா ஷேல்லயும் மாறாது. உள்ளே சரக்கு இருக்கணும், அதுவும் பதமா வெந்திருக்கணும். இருக்கா, வெந்திருக்கா, இதைத்தான் நாங்க பார்க்கணும். கல்லுப் பொடியைக் குட்டிக் கிண்ணத்துல போட்டு மிஷினுக்குள்ள அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாச் சூடு ஏத்துவோம். அதுலேர்ந்து என்ன ஆவி வருது, எந்தச் சூட்டுல வருதுன்னு திரையில கோடு மேடு மேடா ஏறி இறங்கும்.

அக்கா தெருவுக்குப் பின்னாடி இருக்கிற பொட்டல்ல ஒரு துளை போட்டிருந்தாங்க. ஆனா ஷேல்ல ஒரு துளை பத்தாது. வரிசையாத் துளை போட்டு, தண்ணியை முரட்டு அழுத்தத்துல உள்ளே அடிச்சுப் பாறையை உடைச்சாத்தான் வாயு வெளியே வரும். அதுக்கு லாரி நிக்கணும், தொட்டி நிக்கணும், இடம் வேணும். இடம்னா அக்கா தெரு.

அந்த முதல் துளையிலேர்ந்து வந்த கல்லுத் தூள்தான் என் தட்டுல இருந்துச்சு.

இப்போ எங்க பெரியவரைப் பத்திச் சொல்லணும். லேபோட தலைவர். நாங்க அவருக்குப் பின்னாடி வச்ச பேரு ஆஹா. எண்ணு கூட வந்தா "ஆஹா!" குறைஞ்சு வந்தா முகம் தொங்கிடும், மிஷின் சரியில்லைம்பார். திருடனா இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். இந்த மனுஷன் திருடன் இல்லை. நல்ல சேதி கொண்டு வர்றவனை மட்டும் உக்காரச் சொல்ற ஆளு. அது திருட்டை விட மோசம்.

துளை போடும்போது மேல் அடுக்குக் கல்லும் சரிஞ்சு விழுந்து கீழ் அடுக்குக் கல்லோட கலந்துடும். அதனால மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சு, குறட்டால நமக்கு வேண்டிய கல்லை மட்டும் பொறுக்கி எடுப்போம். இது நியாயமான வழக்கம்தான், எல்லா லேப்லயும் உண்டு. ஆனா ஆஹா என்ன பண்ணினார் தெரியுமா? பொறுக்குற பொண்ணுங்ககிட்டப் போய், "கறுப்பா இருக்கறதை மட்டும் பொறுக்கு. சாம்பல் நிறத்தைத் தொடாதே. நல்ல கறுப்பு, பளபளன்னு இருக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். கறுப்புன்னா சரக்கு ஜாஸ்தி, இதுதான் அவர் கணக்கு.

நான் அன்னைக்கே சண்டை போட்டேன். "சார், கலரைப் பார்த்துப் பொறுக்கக் கூடாது, கல்லைப் பார்த்துப் பொறுக்கணும். கூடையில நல்ல மாம்பழத்தை மட்டும் தின்னு பார்த்துட்டுத் தோப்பே இனிப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு"ன்னேன். "உங்களுக்கு எதுலயும் குறைதான்மா தெரியும்"னு சிரிச்சுட்டுப் போயிட்டார். அதோட விட்டாரா? கரைப்பான் ஊத்திக் கல்லைக் கழுவுறதையும் நிறுத்தச் சொல்லிட்டார். கல்லுக்குள்ள இருக்கிற எண்ணெயும் அதோட போயிடுமாம். வெறும் தண்ணியில அலசினாப் போதுமாம்.

அக்கா போனை வச்சதும் நான் மிஷின்ல வந்த கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சலா வந்துச்சு. மேடு மலை மாதிரி எழும்பி நிக்குது. சரக்கு அள்ளிக்கலாம்! ஆனா அந்த மேடு எந்தச் சூட்டுல வருது? வேகாத பச்சைக் கல்லுல வர வேண்டிய சூட்டுல வருது.

இங்கேதான் இடிச்சுது. கல்லு எவ்வளவு வெந்திருக்குன்னு பார்க்க இன்னொரு வழி இருக்கு. உள்ளே மாட்டிக்கிட்ட பழைய மரத்துணுக்கை மெருகேத்தி, மைக்ராஸ்கோப்ல வெளிச்சம் போட்டுப் பார்க்கணும். எவ்வளவு பளிச்சுன்னு வெளிச்சத்தைத் திருப்பித் தருதோ அவ்வளவு வெந்திருக்குன்னு அர்த்தம். சாம்பல் கல்லுலேர்ந்து எடுத்த துணுக்குல நானே பார்த்திருந்தேன். அது வெந்து, தீஞ்சு, எல்லாத்தையும் எப்பவோ கக்கி முடிச்ச கல்லு. அப்படிப்பட்ட கல்லு இப்போ வந்து "நான் இன்னும் பச்சை, எனக்குள்ள நிறைய இருக்கு"ன்னு சொல்லுதா? எவன் காதுல பூ சுத்துறீங்க?

பொறுக்கி வச்ச கறுப்புத் துணுக்கை எடுத்து லென்சுக்கு அடியில வச்சேன். ஷேல்னா தாள் தாளாப் பிரியணும். இது பிரியலை. ஊசியால குத்தினேன், கண்ணாடி மாதிரி வளைவு வளைவா உடைஞ்சுது. ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டேன். சுத்தியும் பழுப்பு நிறம் கசிஞ்சு ஓடுச்சு. கல்லு எங்கேயாவது கரையுமா?

உடனே துளை போட்ட இடத்துக்குப் போன் போட்டேன். அங்கே சேறு கலக்குற இன்ஜினியர் ஒருத்தர் இருந்தார். துளை போடும்போது குழிக்குள்ள சேறு ஊத்திக்கிட்டே இருக்கணும், அது அவர் பொறுப்பு. பாவம், நல்ல மனுஷன், வாயைத் திறந்தா மூட மாட்டார்.

"சார், அந்த ஆழத்துல சேத்துல ஏதாவது கலந்தீங்களா?"

"கலக்காம? குழிச் சுவர் பொலபொலன்னு சரியுதும்மா! தார்த்தூள் கொட்டினோம். மூட்டை மூட்டையாக் கொட்டினோம். அப்புறம்தான் சுவர் நின்னுச்சு. முதல் தரமான சரக்கும்மா, கறுகறுன்னு பளபளன்னு இருக்கும்."

"இதை ஏன் சார் எங்களுக்குச் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா!"

போனை வச்சுட்டுச் சிரிக்கிறதா அழறதான்னே தெரியலை. இவங்களே தாரைக் கொட்டியிருக்காங்க. குழிக்குள்ள போன தாரு கல்லுத் தூளோட திரும்பி மேலே வந்திருக்கு. ஆஹா கறுப்பாப் பொறுக்கச் சொன்னார், பொண்ணுங்க இருக்கறதுலயே கறுப்பான தாரைக் கரெக்டாப் பொறுக்கிக் குடுத்திருக்காங்க. கரைப்பான்ல கழுவியிருந்தாத் தாரு ஓடிப் போயிருக்கும், அதையும் நிறுத்தியாச்சு. மிஷின் என்ன பண்ணும்? குடுத்ததைச் சுட்டுச்சு, உள்ளதைச் சொல்லிச்சு. இத்தனை படிச்ச கூட்டம் சேர்ந்து, தான் கொட்டின தாரைத் தானே கண்டுபிடிச்சுட்டு, அதுக்கு ஒரு தெருவையே காலி பண்ணச் சொல்லுது!

மறுநாள் பிரிக்காத மூட்டையிலேர்ந்து கொஞ்சம் தார்த்தூள் வரவழைச்சு மிஷின்ல போட்டேன். அச்சு அசல் அதே மேடு, அதே சூடு. அப்புறம் கறுப்பு சாம்பல்னு பார்க்காம அந்தக் கல்லை அள்ளி, கரைப்பான்ல நல்லாக் கழுவிப் போட்டேன். கோடு தரையோட தரையாப் படுத்துக்கிச்சு. ஒண்ணுமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆஹா அறைக்குப் போனேன். முப்பத்திரண்டும் அங்கேதான் இருந்தான், கால் மேல கால் போட்டுக்கிட்டு.

கோடுகளைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சுக் காட்டினேன். ஆஹா பார்த்தார். புரியாத ஆளு இல்லை, புரிஞ்சுது. முகம் ஒரு நிமிஷம் வெளிறிப் போச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னார்: "சரிம்மா. கொஞ்சம் தாரு கலந்திருக்கலாம். அதுக்காகப் பாறையில எதுவுமே இல்லைன்னு சொல்ல முடியுமா? ரெண்டாவது துளை போட்டாத் தெரிஞ்சுடப் போகுது."

"ரெண்டாவது துளை எங்க அக்கா சமையலறையில சார் வரும்!"

"உணர்ச்சிவசப்படாதீங்க. நாளைக்குக் கூட்டம். அறிக்கையில ஒரு கையெழுத்துதான். போட்டுட்டுப் போங்க."

"தாருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முப்பத்திரண்டு சிரிச்சான். "மேடம், உங்க அக்காவுக்கு நல்ல இடமாப் பார்த்துத் தர்றோம். குடும்பத்துக்கு நல்லது பண்ற நேரத்துல…"

"என் பேரை எவனைக் கேட்டு எடுத்துக்கிட்டே?"ன்னு கத்திட்டேன். வெளியே வராண்டாவுல நடந்துக்கிட்டிருந்தவங்க நின்னுட்டாங்க. நிக்கட்டும்.

ஆஹா எழுந்து கதவைச் சாத்திட்டு, "வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சுட்டு வாங்க"ன்னார். யோசிக்க என்ன இருக்கு? மூஞ்சியைக் கூடப் பார்க்காம வந்துட்டேன். என் இடத்துல உக்காந்து மிச்ச வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டபடியே கிடந்துச்சு.

"இப்பத்தான் உங்க ஆளு போறார்"ன்னா அக்கா. "நாளைக்குக் கட்டாயம் வந்துடுங்கன்னு சொல்லிட்டுப் போனார். உன்னைப் புகழ்ந்து தள்ளிட்டார் போ."

"அந்த வாயில மண்ணு விழ. அக்கா, அங்கே ஒண்ணும் இல்லை. எல்லாம் தாரு."

முழுசாச் சொன்னேன். அக்கா துணி வெட்டுற மேசையைப் பிடிச்சுக்கிட்டே கேட்டா. மேசைக்கு அடியில பாதி நூல்கண்டு அட்டைப்பெட்டிக்குள்ள போயிருந்துச்சு. நான் சொல்லி முடிச்சதும் அவ என் மேல பாய்ஞ்சா.

"நல்லாருக்குடி! எதிர் வீட்டுக்காரங்க முடியவே முடியாதுன்னு நின்னாங்க. நான்தான் 'என் தங்கச்சி பார்த்திருக்கா, தப்பா இருக்காது'ன்னு சொல்லிச் சம்மதிக்க வச்சேன். தெருவே என் மூஞ்சியைப் பார்த்துச் சரின்னுச்சு. இப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"சொல்லுவே! வேலை போயிடும்டி."

அத்தான் உள்ளேர்ந்து குரல் குடுத்தார். "அவ எப்படியும் யாரையாவது கடிச்சு வைக்கத்தான் போறா. இந்தத் தடவை சரியான ஆளாப் பார்த்துக் கடிக்கட்டுமே."

"நீங்க சும்மா இருங்க"ன்னா அக்கா. என்னைப் பார்த்து, "எழுந்து சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லு. பாதியில விட்டே, நானே உன்னை மன்னிக்க மாட்டேன்"ன்னா.

மறுநாள் காலையில தெரு முனைப் பள்ளிக்கூடத்துல கூட்டம். பிள்ளைங்க உக்கார்ற பெஞ்சுல பெரியவங்க முட்டி இடிக்க உக்காந்திருந்தாங்க. மேடையில ஆஹாவும் முப்பத்திரண்டும். பின்னாடி திரையில என் மிஷின்ல வந்த கோடு, மலை மாதிரி எழும்பின அந்த மேடு, அதுக்குக் கீழே கலர் கலரா என்னென்னவோ எழுத்து. முப்பத்திரண்டு ஒரு குச்சியால அந்த மேட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். "இது பூரா உங்க காலுக்கு அடியில இருக்கிற செல்வம்!"

நான் எழுந்தேன். "அது செல்வம் இல்லை, தாரு"ன்னேன்.

சலசலன்னு ஆயிடுச்சு. யார் இந்தப் பொண்ணுன்னு பின்னாடி யாரோ கேட்டாங்க. "தையக்கார அம்மா தங்கச்சி"ன்னு இன்னொருத்தர் சொன்னார். நான் பயந்தேன், உண்மையைச் சொல்லணும்னா. ஆனா ஆரம்பிச்சாச்சு.

"துளை போடும்போது சுவர் சரியாம இருக்க இவங்களே தார்த்தூளைக் கொட்டினாங்க. அது கல்லோட கலந்து மேலே வந்துச்சு. அதையே பொறுக்கி எடுத்துச் சூடு பண்ணி, எண்ணெய் வருதுங்கறாங்க. வதக்கின காயைப் பிழிஞ்சா எண்ணெய் வரத்தான் செய்யும். அது காயோட எண்ணெயா? நீங்க சட்டியில ஊத்தினதுதானே! கழுவிட்டுச் சோதிச்சா அந்தக் கல்லுல எதுவுமே இல்லை. நானே பண்ணிப் பார்த்தேன். இவங்களுக்கும் காட்டினேன்."

முன் வரிசையில ஒருத்தர் சிரிச்சுட்டார். அப்புறம் சட்டுனு நிறுத்திக்கிட்டார், சிரிக்கிற விஷயம் இல்லைன்னு தோணியிருக்கும்.

ஆஹா மைக்கைப் பிடிச்சார். அந்த மனுஷன் இப்படிச் சொல்வார்னு நான் கனவுலகூட நினைக்கலை.

"நண்பர்களே, மன்னிக்கணும். இவங்க இப்போ எங்க லேப்ல இல்லை. கல்லைச் சரியாக் கையாளாம கெடுத்ததால நேத்துக் காலையிலேயே இவங்களை வேலையிலேர்ந்து நிறுத்திட்டோம். அந்தக் கோபத்துல பேசுறாங்க. இவங்க சொல்றதை நீங்க பெருசா எடுத்துக்க வேண்டாம்."

அடப்பாவி! நேத்து சாயங்காலம் வரைக்கும் உன் லேப்லதானேய்யா உக்காந்து வேலை பார்த்தேன்! வாய் வரைக்கும் வந்துச்சு, வெளியே வரலை. அத்தனை பேரும் என்னையே பார்க்குறாங்க. கல்லைக் கெடுத்தவ. வேலை போன கோபத்துல பேசுறவ. நான் எதைச் சொன்னாலும் இனி அப்படித்தான் கேக்கும்.

அப்போ பெஞ்சு கிறீச்சுன்னுச்சு. அக்கா எழுந்து நின்னா.

"ஐயா, எனக்குப் பாறையும் தெரியாது, கோடும் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவளை எப்போ நிறுத்தினீங்க?"

"நேத்துக் காலையிலம்மா."

அக்கா முப்பத்திரண்டைப் பார்த்துக் கையை நீட்டினா. "நேத்து சாயங்காலம் இவர் என் வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, 'உங்க தங்கச்சி கையால சோதிச்சது, கண்ணை மூடிட்டு நம்பலாம்'னு சொன்னார். எதிர் வீட்டுக்காரங்களும் நின்னு கேட்டாங்க. காலையில வேண்டாதவளா ஆனவ பேரைச் சாயங்காலம் எதுக்குய்யா எங்ககிட்ட வித்தீங்க?"

முப்பத்திரண்டு வாயை மூடிக்கிட்டான். அந்த ஆளுக்கு உதடு இருக்குன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"அம்மா, அது வந்து…"

"இருங்க, நான் முடிக்கலை. நான் சரின்னு சொன்னது உங்க கம்பெனிக்கு இல்லை. உங்க யாரையும் எனக்குத் தெரியாது. நான் சரின்னு சொன்னது இவளுக்கு. இவளை வெளியே அனுப்பிட்டீங்க இல்லை? என் சம்மதமும் இவகூடவே வெளியே போகுது." சொல்லிட்டுப் பெஞ்சை விட்டு வெளியே வந்தா. அத்தானும் பின்னாடியே வந்தார்.

எதிர் வீட்டுக்காரம்மா அடுத்து எழுந்தாங்க. "நானும் இந்தம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். எனக்கும் வேண்டாம்." அப்புறம் முன் வரிசைக்காரர். அப்புறம் யார் யார்னு நான் பார்க்கலை, பெஞ்சு இழுக்கிற சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆஹா மைக்ல "உக்காருங்க, தயவுசெஞ்சு உக்காருங்க"ன்னு கெஞ்சுறது தெருவரைக்கும் கேட்டுச்சு.

வாசல்ல வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. அக்கா என் தோளைப் பிடிச்சு உலுக்கினா.

"நிஜமாவே நேத்து உன்னை நிறுத்திட்டாங்களா?"

"இல்லைக்கா. இப்பத்தான் நிறுத்தினாங்க, எல்லார் முன்னாடியும்."

என்னை ஒரு பார்வை பார்த்தா. திட்டப் போறான்னு நினைச்சேன். முந்தானையால என் மூஞ்சியைத் துடைச்சுவிட்டு, "வாடி, நம்ம வீட்டுக்குப் போகலாம்"ன்னா. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்துச்சு.